செகண்ட் இயர் பிஎஸ்சி மேத்ஸ்: கைடா, டெக்ஸ்ட் புக்கா, என்பிடெல் வீடியோவா?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பிஎஸ்சி மேத்ஸ் எடுத்த தம்பி தங்கச்சிங்க ரியல் அனாலிசிஸ் (லிமிட், சீக்வென்ஸ் எல்லாத்தையும் நிரூபிச்சு படிக்கிற பாடம்) பேப்பர் வந்ததும் கேக்குற கேள்வி ஒண்ணுதான், இத எத வச்சு படிக்கிறது? அதுவரைக்கும் கால்குலஸ், டிரிக்னாமெட்ரின்னு பன்னெண்டாவது கணக்கோட தொடர்ச்சியாவே ஓடிடும், ஃபார்முலா தெரிஞ்சா விடை வந்துடும். திடீர்னு ஒரு நாள் விடையே யாரும் கேக்க மாட்டாங்க, "நிரூபி"ன்னு மட்டும் கேப்பாங்க. ஸ்கூல்ல கணக்குல நல்ல மார்க் வாங்குன பசங்களே இங்கதான் திணறுறாங்க, அதுல நம்ம பக்கம் நிறைய பேர் கவர்மென்ட் ஸ்கூல் தமிழ் மீடியம், அதனால எந்த வழின்னு கொஞ்சம் யோசிச்சு எடுக்கணும்.

எல்லாத்தையும் ஒரே தேற்றத்த வச்சு பாத்துடலாம். "ஒரு சீக்வென்ஸ் கன்வெர்ஜ் ஆச்சுன்னா அது பவுண்டட்." அதாவது வரிசையா போற எண்கள் (சீக்வென்ஸ்) போகப் போக ஒரே எண்ணுக்கு (லிமிட்) எவ்ளோ வேணா கிட்ட நெருங்குனா (கன்வெர்ஜ்), அதெல்லாம் ஒரு எல்லைக்குள்ள அடங்கிடும் (பவுண்டட்). எல்லா யுனிவர்சிட்டி சிலபஸ்லயும் இருக்குற தேற்றம் இது.

கைட திறந்தா அஞ்சு வரியில முடிஞ்சிருக்கும். லிமிட் எல்-னு வச்சுக்கோ, எப்சிலான் (லிமிட்டுல இருந்து எவ்ளோ தூரம் விடலாம்ங்கற பாசிடிவ் எண்) = 1 எடு, ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு அப்புறம் வர்ற உறுப்பெல்லாம் எல்-ல இருந்து 1 தூரத்துக்குள்ள அடங்கிடும், அதுக்கு முன்னாடி உள்ள உறுப்புகள்ல அளவுல பெருசு எதுவோ அதையும் சேத்துக்கோ, பவுண்ட் கெடச்சாச்சு. ராத்திரி மனப்பாடம் பண்ணி காலைல எழுதுனா மார்க் வரும், அத நான் மறுக்கல. ஆனா ஏன் 1? 1/2 எடுத்தா ஆகாதா, 100 எடுத்தா ஆகாதா? தாராளமா ஆகும், எந்த பாசிடிவ் எண்ணும் ஆகும், ஏன்னா நமக்கு தேவை ஏதோ ஒரு எல்லை மட்டும்தான். அப்புறம் "பெருசு எதுவோ அத எடு"ன்னு சொல்ற தைரியம் எங்க இருந்து வருது? முன்னாடி மிச்சம் இருக்குறது எண்ணி முடிக்கக்கூடிய உறுப்புங்கறதால வருது, முடிவில்லாம இருந்தா பெருசுன்னு ஒண்ணு இருக்கும்னே சொல்ல முடியாது. இந்த ஒரு வரியிலதான் மொத்த ப்ரூஃபோட உயிர் இருக்கு, கைடு அத ஒரு கமாவுல தாண்டிப் போயிடும். இது புரிஞ்ச புள்ள அடுத்து "கோஷி சீக்வென்ஸ் (போகப் போக உறுப்புங்க ஒண்ணுக்கொண்ணு நெருங்கிட்டே வர்றது) எல்லாம் பவுண்டட்"ங்கறத யாரு உதவியும் இல்லாம போட்டுடும், எல்-க்கு பதிலா ஒரு உறுப்பையே நடுவுல வச்சா போதும். மனப்பாடம் பண்ணவனுக்கு அது இன்னொரு அஞ்சு வரி.

டெக்ஸ்ட் புக்னா எது? எழுதுனவங்க பேர வச்சு பார்டில்-ஷெர்பர்ட், ரூடின்னு ரெண்டு புக்கு பேரு அடிபடும். ரெண்டுலயும் சீக்வென்ஸ் மூணாவது சாப்டர்தான், ஆனா ரூடின்ல அதுக்கு முன்னாடி ரெண்டாவது சாப்டர்லயே மெட்ரிக் ஸ்பேஸ், காம்பாக்ட் செட்னு கஷ்டமான விஷயமெல்லாம் தாண்டி வரணும். 1953ல வந்த புக்கு அது, 1976ல மூணாவது பதிப்பு, இன்னைக்கும் உலகம் பூரா அதுல பாடம் எடுக்குறாங்க, அருமையான புக்குதான். இருந்தாலும் அரூர்லயோ பென்னாகரத்துலயோ கேக்க ஆள் இல்லாம தனியா உக்காந்து படிக்கிறவங்களுக்கு மொதல் புக்கா அத நான் சொல்லவே மாட்டேன், ரெண்டாவது சுத்துல எடுங்க. பார்டில்-ஷெர்பர்ட் நிதானமா போகும், உதாரணம் நிறைய, பின்னாடி சில கணக்குக்கு குறிப்பும் இருக்கு. நம்ம தேற்றத்த முடிச்ச கையோட "பவுண்டட்னா கன்வெர்ஜ் ஆகுமா?"ன்னு நீங்களே கேட்டுப் பாருங்க, 1, -1, 1, -1னு எழுதுன உடனே ஆகாதுன்னு தெரிஞ்சுடும், அப்படி கேக்குற பழக்கம் பயிற்சிக் கணக்கு போட்டாத்தான் வரும்.

இங்கிலீஷ் பயம்னு நிறைய பேர் டெக்ஸ்ட் புக்க தொடுறதே இல்ல. அது தேவையில்லாத பயம், கதை புக்கு இங்கிலீஷ் இல்ல இது, லெட், சப்போஸ், ஃபார் எவ்ரி, தேர் எக்ஸிஸ்ட்ஸ், சச் தட்னு திரும்பத் திரும்ப வர்ற கொஞ்சம் வார்த்தைங்கதான், ஒரு மாசத்துல பழகிடும். அதுல வரிசை மட்டும் ரொம்ப கவனிக்கணும். ஒவ்வொரு எப்சிலானுக்கும் ஒரு என் (எத்தனாவது உறுப்புக்கு அப்புறம் எல்லாம் அந்த தூரத்துக்குள்ள வருதுங்கற எண்) இருக்குன்னா அது கன்வெர்ஜன்ஸ். அதையே மாத்தி, எல்லா எப்சிலானுக்கும் ஒத்து வர்ற மாதிரி ஒரே ஒரு என் இருக்குன்னு எழுதிட்டா, அந்த என்-க்கு அப்புறம் எல்லா உறுப்பும் எல்-ஆவே இருந்தாகணும், 1, 1/2, 1/3, 1/4னு போற சாதாரண சீக்வென்ஸ் கூட வெளிய போயிடும். ரெண்டு வார்த்தை இடம் மாறுனதுக்கே இவ்ளோ. கைட்ல அச்சுப்பிழையா இப்படி மாறி வந்தா மனப்பாடம் பண்றவனுக்கு தெரியவே தெரியாது.

வீடியோவுக்கு வருவோம். என்பிடெல்ல ஐஐடி, ஐஐஎஸ்சி பேராசிரியருங்க எடுத்த பாடம் ஃப்ரீயா கெடைக்குது, நம்ம ஊருக்கு இது எவ்ளோ பெரிய விஷயம்னு சொல்லணும்னு இல்ல. எல்-அ சுத்தி மேலயும் கீழயும் ரெண்டு கோடு போட்டு, உறுப்பெல்லாம் அந்த பட்டைக்குள்ள வந்து விழுறத போர்டுல வரைஞ்சு காட்டும்போது பத்து தடவ படிச்சும் ஏறாதது ஏறிடும். சிக்கல் என்னன்னா பாக்கும்போது எல்லாமே புரிஞ்ச மாதிரியே இருக்கும், மூடி வச்சுட்டு வெள்ள பேப்பர எடுத்தா மொதல் வரியே வராது. அதனால தேற்றத்த எழுதுன உடனே நிறுத்திட்டு நீங்க போட்டுப் பாருங்க, அப்புறம் ஓட விடுங்க. மலை கிராமத்துல டவர் இழுக்கும், காலேஜ்லயே டவுன்லோட் பண்ணிக்கிறது நல்லது. சர்டிஃபிகேட்டுக்கு வாராவாரம் அசைன்மென்ட் 25, நேர்ல போய் எழுதுற பரீட்சை 75, பரீட்சைக்கு மட்டும் ஃபீஸ். அசைன்மென்ட் பெரும்பாலும் சாய்ஸ் கேள்விதான், ப்ரூஃப் எழுதுற கை அதுல பழகாது.

டியூஷன் பத்தி சுருக்கமா சொல்லிடுறேன். நீங்க எழுதுன ப்ரூஃப வாங்கி இந்த வரி எப்படி வந்துச்சுன்னு கேக்குற ஆள் கெடச்சா பஸ் காசும் ஃபீஸும் தாராளமா குடுக்கலாம். பழைய கொஸ்டின் பேப்பர போர்டுல எழுதிப் போடுற இடம்னா அதுக்கு கைடே போதும்.

என் முடிவு இதுதான். செமஸ்டர் பூரா டெக்ஸ்ட் புக்கு, மாட்டுற இடத்துல மட்டும் வீடியோ, பரீட்சைக்கு முன்னாடி கடைசி ரெண்டு வாரம் கைடும் பழைய கொஸ்டின் பேப்பரும். "நான் பிஎட் முடிச்சு டீச்சரா போகப் போறேன், எனக்கு எதுக்கு"ன்னு சில பேர் சொல்றாங்க, கவர்மென்ட் ஸ்கூல் முதுகலை ஆசிரியர் வேலைக்கு எழுதுற பிஜி டிஆர்பி பரீட்சைலயும் ரியல் அனாலிசிஸ், அல்ஜிப்ரா ரெண்டும் இருக்கு பாருங்க. ஐஐடில எம்எஸ்சி சேர ஐஐடி ஜேம் நுழைவுத் தேர்வு எழுதுறவங்களுக்கு இன்னும் கறார், 3 மணி நேரம், 60 கேள்வி, 100 மார்க், அதுல 10 கேள்விக்கு ஒண்ணுக்கு மேல சரியான விடை இருக்கலாம், ஒண்ணு விட்டாலும் அந்த கேள்விக்கு மார்க் கெடையாது. அங்க அஞ்சு வரி மனப்பாடம் எதுக்கும் உதவாது. கோடை லீவுல எம்டிடிஎஸ்னு ஒரு கணக்கு பயிற்சி முகாம் 1993ல இருந்து நடக்குது, சொல்லிக் குடுக்காம கேள்வி கேட்டு கேட்டே நம்மள யோசிக்க வைப்பாங்க, கட்டாயம் அப்ளை பண்ணுங்க.

புக்கு வாங்க காசில்லன்னா காலேஜ் லைப்ரரில கேளுங்க, சீனியர்கிட்ட கேளுங்க, ரெண்டு பேரா சேந்து ஒரு புக்க வச்சுக்கறது இன்னும் நல்லது, ஒருத்தர் எழுதுனத இன்னொருத்தர் திருத்தலாம். ஆரம்பிக்கறதுக்கு ஒரு கணக்கு: ஒரு சீக்வென்ஸோட லிமிட் பாசிடிவ்னா, ஒரு இடத்துக்கு அப்புறம் எல்லா உறுப்பும் பாசிடிவ்னு நிரூபிங்க. எப்சிலான் = 1னு கண்ண மூடிட்டு எடுத்தா ஓடாது, லிமிட் 1/10ஆ இருந்தா என்ன ஆகும்னு யோசிச்சுட்டு நீங்களே ஒரு எப்சிலான எடுங்க.