மானாமதுரைச் சுடுமண் நீர்த்தட்டு: ஓராண்டுப் பயன்பாட்டிற்குப் பின் ஒரு மதிப்பீடு

கொல்லைப்புறத்தில் பறவைகள் குடிக்கவும் குளிக்கவும் நீர்த்தட்டு வாங்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதன் வேலைப்பாட்டை அல்ல; தண்ணீர் நிறைந்திருக்கும்போதும் அதை ஒருவரே தூக்கிக் கவிழ்க்க முடியுமா என்பதைத்தான். கடம் செய்வதற்குப் பேர்போன மானாமதுரையில், சாலையோர மண்பாண்டக் கடையொன்றில் நான் வாங்கிய மெருகிடாத சுடுமண் தட்டு இந்தச் சோதனையில் முழுமையாகத் தேறுகிறது. 14 அங்குல அகலமும், நடுவில் 2 அங்குல ஆழமும் கொண்ட அது சுமார் இரண்டு லிட்டர் தண்ணீர் கொள்ளும்.

விளிம்பிலிருந்து நடுப்பகுதிக்கு மெல்லச் சரியும் அமைப்பே இதன் பெரிய நிறை. தையல்சிட்டு விளிம்போரத்தில் கால் நனைய நின்று குடிக்கிறது; சின்னான்களும் மைனாக்களும் நெஞ்சு நனையும் ஆழம் வரை இறங்கிச் சிறகடித்துக் குளிக்கின்றன. சொரசொரப்பான மண் பரப்பில் அவற்றின் கால்கள் வழுக்குவதில்லை. இதற்கு முன் இணையத்தில் வாங்கிய, பளபளப்பான பீங்கான் கிண்ணமும் தூணும் சேர்ந்த ஒரு தொட்டியில் காகங்களைத் தவிர வேறெந்தப் பறவையும் இறங்கியதில்லை. அது செங்குத்தான சுவரும் நான்கு அங்குல ஆழமும் கொண்டது. சிறு பறவைகளுக்கு அது கிணறு.

கோடையில், குறிப்பாகக் கத்திரி வெயில் நாட்களில், மண் தட்டில் நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளிருக்கும் தண்ணீர் குளிர்ச்சியாகவே இருக்கிறது. அதே காரணத்தால் நீர் விரைவில் வற்றிவிடும் என்பதால், காலையிலும் பிற்பகலிலும் நிரப்ப வேண்டியிருக்கிறது. வேம்பின் நிழலில், செடிகளிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி வைத்திருக்கிறேன். புதரை ஒட்டி வைத்தால் பூனை பதுங்கிப் பாய வசதியாகிவிடும். நட்டநடு வெட்டவெளியில் வைத்தாலோ நனைந்த சிறகுடன் பறவைகள் ஒதுங்க இடமிருக்காது.

பராமரிப்பில் அதிகக் கவனம் கேட்பது வடகிழக்குப் பருவமழைக் காலம்தான். மழைநீர் தானாக நிரம்பிவிடுகிறதே என்று விட்டுவிடக் கூடாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தன் முட்டைகளை நீர்மட்டத்தை ஒட்டிய ஈரச் சுவரில் இடுகிறது. அம்முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருந்து, மீண்டும் தண்ணீர் பட்டதும் பொரிக்கக்கூடியவை. ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. தேங்காய் நாரால் உட்சுவரை அழுத்தித் தேய்க்கவும் வேண்டும். நான் தண்ணீரை நாள்தோறும் மாற்றி, வாரம் இருமுறை தேய்க்கிறேன். சோப்பு பயன்படுத்துவதில்லை, அது சிறகின் எண்ணெய்ப்பசையைப் போக்கிவிடும், மண்ணின் நுண்துளைகளிலும் தங்கிவிடும். ஆழ்துளைக் கிணற்று நீரால் படியும் வெள்ளை உப்புப் பூச்சு, வினிகர் ஊற்றிச் சிறிது நேரம் ஊறவைத்தால் இளகிவிடுகிறது. பிறகு நன்றாக அலச வேண்டும்.

காகங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காய்ந்த ரொட்டியையும் எலும்புத் துண்டையும் கொண்டுவந்து தட்டில் போட்டு, ஊறும்வரை காத்திருந்து, பாதியைத் தின்றுவிட்டு மீதியை அப்படியே விட்டுச் செல்கின்றன. அன்று மதியத்திற்குள் நீர் நாறத் தொடங்கிவிடும். தட்டு இலகுவாக இருப்பதன் அருமை அப்போதுதான் தெரிகிறது.

குளிர்காலத்தில் வேலை குறைவு, வருகையாளர்கள் அதிகம். வலசை வரும் அரசவால் ஈப்பிடிப்பான் தட்டில் உட்காருவதே இல்லை. தாழ்ந்த கிளையிலிருந்து நீரில் பாய்ந்து நனைந்து, அதே கிளைக்குத் திரும்பி உதறிக்கொண்டு, மறுபடியும் பாய்கிறது. அதைக் காண வேண்டுமானால் தட்டின் மேல் இரண்டடி உயரத்தில் ஒரு கிளையாவது இருக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. சூளையில் எல்லாத் தட்டும் ஒரே பதத்தில் வேகுவதில்லை. விரல் கணுவால் தட்டிப் பார்த்து, கணீரென்று ஒலிப்பதையே எடுக்க வேண்டும். மந்தமாக ஒலிப்பது சரியாக வேகாததாகவோ விரிசல் விட்டதாகவோ இருக்கும். உடன் விற்கும் மண் தாங்கி ஆடுகிறது. அதற்குச் செலவழிக்காமல் மூன்று செங்கற்களை நெருக்கி அடுக்கி, அவற்றின் மேல் தட்டைப் பொருத்துவதே உறுதியானது. நான் கொடுத்த விலை 350 ரூபாய். முடிந்தால் இரண்டாக வாங்குங்கள்: ஒன்று பயன்பாட்டில் இருக்கும்போது, தேய்த்த மற்றொன்று வெயிலில் முழுதாகக் காய்ந்தால் பாசி பிடிப்பது வெகுவாகக் குறைகிறது.