கல் பார்க்கப் போன இரண்டு நாள் வேன் பயணம்: ஐந்துக்கு மூன்று

மட்டக்களப்பிலிருந்து மகா ஓயா, பிபிலை, புத்தல வழியாகக் கதிர்காமம் போய் வருகிற இரண்டு நாள் பயணம், தலைக்கு 9,500 ரூபா, 'நிலவியல் சுற்றுலா' என்று போட்டிருந்தார்கள். நடத்தியவர்களின் பேர் இங்கே வேண்டாம். ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன், அந்த மூன்றும் அவர்கள் பிடித்த பாதைக்கு மட்டும்தான். விளக்கம் சொல்ல வந்த தம்பிக்கு ஒன்றும் இல்லை.

பாதை ஏன் நல்லது என்றால், அது இரண்டு பழைய நிலத்துண்டுகளின் தையலை ஒட்டிப் போகிறது. மட்டக்களப்பும் அம்பாறையும் விஜயன் தொகுதி என்கிற பாறைக் கூட்டத்தின் மேல் இருக்கின்றன. நாம் தினமும் பார்க்கிற அந்தச் சாம்பலும் இளஞ்சிவப்பும் வரிவரியாய் ஓடும் நைஸ் பாறைதான், பெரும்பகுதி 100 முதல் 110 கோடி ஆண்டுக்கு முன் உருவானது. மலைநாட்டுப் பாறையான ஹைலண்ட் தொகுதியின் மூலப்பொருளோ 200 கோடி ஆண்டையும் தாண்டும். இரண்டும் வேறு வேறு இடத்தில் பிறந்தவை. கொண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தபோது, சுமார் 55 முதல் 60 கோடி ஆண்டுக்கு முன், முட்டிக்கொண்டன. விஜயன் பாறைக்குச் சொந்தம் தேடியவர்கள் மொசாம்பிக்கிலும் கிழக்கு அந்தாட்டிக்காவிலும் அதே வயதுப் பாறைகளைக் கண்டிருக்கிறார்கள். சிர்கோன் என்ற மணிக்குள் யுரேனியம் எவ்வளவு ஈயமாகி இருக்கிறது என்று அளந்து வயதைக் கணக்கிடுகிற வேலை அது. மலையகத்தை நாம் சொந்தம் என்கிறோம், நம் காலடிக் கல்லுக்குச் சொந்தக்காரர் மொசாம்பிக்கில் இருக்கிறார்.

இதில் ஒரு வரியாவது வேனில் சொன்னார்களா? இல்லை. செங்கலடி தாண்டிக் கரடியனாறு வரும் வரை பாட்டுத்தான். மகா ஓயா வெந்நீர் ஊற்றில் இறங்கியதும் தம்பி மைக்கைப் பிடித்து, "கீழே தூங்குகிற எரிமலை" என்றார். என் பக்கத்தில் இருந்த மூத்தம்மா வாளியை வைத்துவிட்டு, "மனே, கீழ நெருப்பு இருந்தா இஞ்ச ஆர் குளிப்பா?" என்று கேட்டா. எல்லோரும் சிரித்தோம், ஆனால் சரி அவதான். அங்கே எரிமலை கிடையாது. மழைத்தண்ணீர் ஆழமான வெடிப்புகளுக்குள் இறங்குகிறது, ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 25 பாகை வீதம் கீழே சூடு கூடும், அந்தச் சூட்டோடு வேறொரு வெடிப்பால் மேலே வருகிறது. திருகோணமலைக் கன்னியாவிலிருந்து தெற்கே மகாபெலஸ்ஸ வரை நம் வெந்நீர் ஊற்றுகள் பெரும்பாலும் இந்தத் தையலை ஒட்டியே கிடக்கின்றன. மகா ஓயாவில் 55 பாகையை ஒட்டி வரும், அதனால் சூடான கிணற்றில் சும்மா விரலை விடாதீர்கள், நான் விட்டேன்.

அப்புறம் பின் சீட்டில் ஒருவர் குமரிக்கண்டத்தை இழுக்க, தம்பி சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். கொண்டுவானாக் கண்டம் மூழ்கவில்லை ஐயா, பிளந்து விலகியது. குமரிக்கண்டத்துக்குச் சாட்சியாக இழுக்கிற லெமூரியா என்பது 1864இல் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் லெமூர் விலங்குகளின் பரவலை விளக்கப் போட்ட ஒரு கணக்கு, கண்டநகர்வு தெரிந்த பிறகு அதற்கு வேலையில்லை. சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

மிச்சம் கதிர்காமம். நான் காசு கட்டியதே இதற்குத்தான். உகந்தை, குமண வழியாகப் பாதயாத்திரை போனவர்கள் அத்தனை நாளும் விஜயன் பாறை மேலேயே நடந்து, கடைசியில் ஏறுகிற மலை மட்டும் வேற்று ஊர்க் கல். ஹைலண்ட் பாறை கிழக்கு நோக்கி விஜயன் மேல் தள்ளப்பட்டு ஏறியது, பாய் மேல் பாய் ஏறுவதைப் போல. பிறகு மேற்பாயைக் காலம் கரையான் மாதிரி அரித்தது. கதிர்காமம், புத்தல போன்ற சில இடங்களில் மட்டும் துண்டுகள் மிஞ்சின, சுற்றிலும் கீழ்ப்பாய். தாய்ப்பாறையை விட்டுத் தனியே கிடக்கும் இந்தத் துண்டை நிலவியலில் கிளிப்பே என்கிறார்கள்.

மலைப்பாதை ஓரம் கிடந்த ஒரு சில்லை எடுத்துப் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தேன். கரும்பச்சை, எண்ணெய் தடவின மாதிரி மினுக்கம். சார்னோகைட் என்கிற ஹைலண்ட் பாறை. (கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பனிக்காரர் ஜோப் சார்னொக்கின் கல்லறைக் கல்லை வைத்து வந்த பெயர், அந்தக் கல்லோ சென்னைப் பரங்கிமலையில் வெட்டியது.) நடுவில் மாதுளை முத்துப் போல இரண்டு கார்னெட் மணிகள். 20, 30 கிலோமீட்டர் ஆழத்தில், 800 பாகைக்கு மேல் வெந்த கல் அது, இப்போது என் உள்ளங்கையில். சில்லைத் திரும்ப அதே இடத்தில் வைப்பதற்குள் ஹோர்ன் அடித்துவிட்டார்கள்.

முழு மலைக்கும் நாற்பது நிமிஷம்! புத்தலயில் மதியச் சாப்பாட்டுக்கு ஒன்றேமுக்கால் மணி நேரம் நிறுத்தினார்கள், சோறு ஆறிப்போய், கறியும் உறைக்கவில்லை. கேட்டால், "எல்லாரும் கும்பிடத்தானே வந்தவங்க" என்றார்கள். அப்படியென்றால் நிலவியல் என்று போடாதீர்கள்.

புத்தல–கதிர்காமம் வீதியில் யானை நின்றது, டிரைவர் பொறுமையாக எட்டவே நிறுத்தினார். அவருக்கு முழுப் புள்ளி. போகிறவர்கள் சொந்த லென்ஸ் கொண்டு போங்கள், கோயில் மலையில் கல்லை உடைக்காதீர்கள், கடைசி வரிசை சீட்டை எடுக்காதீர்கள், அங்கே ஏசி வராது. நாலைந்து பேர் சேர்ந்து தனி வேன் பிடித்தால் இதே பாதையை மலையில் அரை நாள் இருந்து பார்க்கலாம். ஆள் சேர்ந்தால் அடுத்த முறை நான் அப்படித்தான்.