டிவைஸ் ட்ரீயில் பொது டிரைவரின் பெயரை எப்போது போடலாம்? மூன்று வழிகள், ஓர் ஒப்பீடு

போர்டில் என்னென்ன பாகங்கள் இருக்கின்றன என்று லினக்ஸின் மையமான கர்னலுக்குச் சொல்வது டிவைஸ் ட்ரீ. அதை எழுதுகிறவர் ஒவ்வொரு பாகத்துக்கும், எந்த டிரைவர் பொருந்தும் என்று காட்டும் ‘கம்பேட்டிபிள்’ வரியை நிரப்பியாக வேண்டும். பல சிப்புகளுக்கும் பொருந்தும் பொதுப் பெயரை மட்டும் போடலாம். சிப்பின் சொந்தப் பெயரை மட்டும் போடலாம். சொந்தப் பெயரை முன்னால் வைத்து, பொதுப் பெயரைப் பின்னால் சேர்க்கலாம். கர்னலைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஃபிளாஷில் ஏற்றி விற்றுவிட்ட டிவைஸ் ட்ரீயை மாற்றுவது பெரும்பாடு. அதனால் இந்த ஒரு வரியில் அவசரம் கூடாது.

பொதுப் பெயர் மட்டும்

வேலை சீக்கிரம் முடியும். சினாப்சிஸ் டிசைன்வேர் யூஆர்ட்டின் (சீரியல் போர்ட்டை நடத்தும் பாகம்) ரெஜிஸ்டர் அமைப்பு, 16550 என்ற பழைய யூஆர்ட் சிப் போன்றதுதான். ‘என்எஸ்16550ஏ’ என்று எழுதி, ரெஜிஸ்டர்களின் இடைவெளியையும் அகலத்தையும் சொல்லும் ரெக்-ஷிஃப்ட் 2, ரெக்-ஐஓ-விட்த் 4 கொடுத்தால் கன்சோல் வந்துவிடும். ஆனால் எழுத்துகள் போய்க்கொண்டிருக்கும்போது பாட் ரேட்டை (தரவு வேகம்) மாற்ற எல்சிஆர் என்ற கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரில் எழுதினால், சிப் அதை ஏற்காது. ‘பிஸி’ இன்டரப்ட் (கர்னலின் கவனத்தைக் கேட்கும் சைகை) ஒன்றை எழுப்பும். எந்த இன்டரப்ட் என்று சொல்லும் ஐஐஆர் ரெஜிஸ்டரில் 7 தெரியும். யூஎஸ்ஆர் என்ற நிலை ரெஜிஸ்டரைப் படித்தால்தான் அது அடங்கும். 16550-இல் அப்படி ஒரு ரெஜிஸ்டரே கிடையாது. அதைவிட மோசம், 7-இன் கடைசி பிட் 1. 16550 கணக்கில் அதற்கு ‘இன்டரப்ட் எதுவும் இல்லை’ என்று பொருள். பொது டிரைவர் தனக்குச் சம்பந்தமில்லை என்று திரும்பிவிடும். 1,00,000 இன்டரப்டில் 99,900-க்கு மேல் யாரும் கவனிக்காமல் போனால் கர்னல் அந்த லைனையே அணைத்துவிடும். கர்னல் செய்திகள் இன்டரப்ட் இல்லாமலே அச்சாவதால் திரையில் வந்துகொண்டிருக்கும். தட்டும் எழுத்து மட்டும் உள்ளே போகாது. பிறகென்ன, கேபிள்மீது பழி விழும்.

இதே யூஆர்ட்டை 16550-க்கு முழுப் பொருத்தமாக, பிஸி வசதி இல்லாமல் உருவாக்கும் தேர்வும் உண்டு. அப்படிச் செய்த சிப்புக்கு ‘என்எஸ்16550ஏ’ உண்மையான பெயர். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது அந்த வடிவமைப்புத் தேர்வை.

பொதுப் பெயர் மட்டுமே போதும் என்ற இடங்களும் உண்டு: பாகம் தானே தன்னை அடையாளம் சொல்லும் இடங்கள். எஸ்பிஐ நார் ஃபிளாஷ் 9எஃப் கட்டளைக்குத் தன் ஐடியைத் திருப்பித் தரும். அதனால் ‘ஜெடெக்,எஸ்பிஐ-நார்’ போதும். 9எஃப்-க்குப் பதில் தராத சிப்புக்கு அந்தப் பெயர் ஆகாது. யூஎஸ்பியிலும் இதே கதை. சாட்டா பிரிட்ஜ் (வட்டை யூஎஸ்பியோடு இணைக்கும் சிப்) ஒன்று, யூஏஎஸ் என்ற புதிய சேமிப்பு முறை தெரியும் என்று புரோட்டோகால் 62-ஐ (ஹெக்ஸ் எண்) அறிவித்துவிட்டு இடையில் தொங்கினால், ‘யூஎஸ்பி-ஸ்டோரேஜ்.குவர்க்ஸ்’ அளவுருவில் அதன் வெண்டர் எண், புராடக்ட் எண், ‘யு’ என்று கொடுத்துப் பழைய முறைக்கே இறக்கிவிடலாம். எண் தனியாக இருப்பதால்தான் அது முடிகிறது. டிவைஸ் ட்ரீயில் அந்த எண்ணின் வேலையைச் செய்வது சொந்தப் பெயர்தான்.

சொந்தப் பெயர் மட்டும்

பொது டிரைவர் ஏறினால் வேலை கெடும் என்ற இடத்தில் இதுதான் சரி. டி-ஹெட் சி900 என்ற ரிஸ்க்-ஃபைவ் ப்ராசஸரின் இன்டரப்ட் கன்ட்ரோலர், ஸைஃபைவ் நிறுவனத்தின் பிஎல்ஐசி என்ற கன்ட்ரோலர் போன்றதே. ஆனால் எம்-மோடில் (மிக உயர்ந்த அதிகார நிலை) ஒரு டெலிகேஷன் பிட்டைப் போட்டு அனுமதி தராவிட்டால், அதற்குக் கீழான எஸ்-மோடில் ஓடும் கர்னலால் அதைத் தொட முடியாது. எனவே அந்த ப்ராசஸர் உள்ள ஆல்வின்னர் டி1 சிப் தன் பெயரையும் ‘டிஹெட்,சி900-பிஎல்ஐசி’யையும் மட்டும் சொல்கிறது, ஸைஃபைவ் பெயர் அங்கே இல்லை. பழைய கர்னலில் இத்தகைய பாகம் வேலை செய்யாது. தவறாக ஓடுவதைவிட ஓடாமல் இருப்பதே மேல்.

இரண்டும் சேர்த்து

பெரும்பாலான பாகங்களுக்கு என் தேர்வு இது. ராக்சிப் நிறுவனத்தின் ஆர்கே3399 சிப்பில் உள்ள யூஆர்ட் ‘ராக்சிப்,ஆர்கே3399-யூஆர்ட்’, அதன் பின் ‘எஸ்என்பிஎஸ்,டிடபிள்யூ-ஏபிபி-யூஆர்ட்’ என்று எழுதப்பட்டிருக்கிறது. இன்று டிசைன்வேர் டிரைவர் ஓட்டும். நாளை அந்தச் சிப்பில் மட்டும் கோளாறு தெரிந்தால் முதல் பெயரைப் பிடித்துத் திருத்தலாம்.

பின்னால் வரும் பெயருக்கு நிபந்தனை ஒன்றுதான்: அதை மட்டும் அறிந்த டிரைவர் பாகத்தைச் சரியாக ஓட்ட வேண்டும். டிஎம்ஏ (ப்ராசஸர் இல்லாமல் தரவை நகர்த்தும் வசதி) கிடைக்காவிட்டால் பரவாயில்லை. தவறாக நடக்கக் கூடாது. பாகத்துக்குத் தேவையான கூடுதல் கிளாக்கை (பாகம் இயங்கத் தேவையான துடிப்புச் சைகை) மறக்கிறவர்கள் அதிகம். கர்னலை ஏற்றும் பூட்லோடர் அதை ஆன் செய்து வைத்திருப்பதால் பாகம் முதலில் ஓடும். பூட்டின் கடைசிக் கட்டத்தில், யாரும் கேட்காத கிளாக்குகளைக் கர்னல் அணைக்கும்போது செத்துவிடும். அப்படி அணைப்பதைத் தடுக்கும் ‘கிளாக்_இக்னோர்_அன்யூஸ்ட்’ அளவுருவைப் போட்டால் மட்டும் ஓடுகிறதா? அப்படியானால் பொதுப் பெயரை எடுத்துவிடுங்கள்.

வரிசைக்கும் ஓர் எல்லை உண்டு. யூ-பூட் என்ற பூட்லோடர் பெயர்களை முதலிலிருந்து வரிசையாகவே பொருத்திப் பார்க்கும். லினக்ஸில் அந்த முன்னுரிமை ஒரே டிரைவரின் பட்டியலுக்குள் மட்டும்தான். இரு பெயர்களுக்கு இரு வேறு டிரைவர்கள் இருந்தால், முதலில் பதிவானது பிடித்துக்கொள்ளும். ஆகவே டிசைன்வேர் பெயருக்குப் பின்னால் ‘என்எஸ்16550ஏ’யையும் ஒட்டுவது ஆபத்து.

சோதிக்க, சொந்தப் பெயரை அறிந்த டிரைவரை கர்னல் கான்ஃபிக்கில் அணைத்துவிட்டு, தரவு ஓடும்போதே பாட் ரேட்டை மாற்றுங்கள். சஸ்பெண்ட் செய்து எழுப்புங்கள். தாங்கினால் பொதுப் பெயர் இருக்கட்டும். அடுத்த தலைமுறைச் சிப் வரும்போது ‘ஆர்கே3எக்ஸ்எக்ஸ்எக்ஸ்’ போன்ற பொத்தாம்பொதுப் பெயரைப் புதிதாக உண்டாக்க வேண்டாம். முதல் சிப்பின் பெயரையே பின்னால் போட்டு, எந்தப் பெயர்கள் செல்லும் என்று வரையறுக்கும் பைண்டிங் யாமல் கோப்பில் அந்த ஜோடியைச் சேர்த்து, டிவைஸ் ட்ரீயை அதோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் ‘மேக் டிடிபிஎஸ்_செக்’ ஓட்டிப் பாருங்கள்.