இலக்கை மாற்றினால் எந்த அளவுகோல் கவனிக்கும்?

ஒரு நிரல் எவ்வளவு சிக்கலானது என்பதை எண்ணால் சொல்லும் அளவுகோல்கள் பல உண்டு. தாவல்கள் பின்னிக்கொண்டால் அவற்றில் எது கண்டுபிடிக்கும் என்று ஒரு போட்டி வைப்போம். ஒரு குட்டி நிரல். 10-ஆம் வரியில் ஒரு நிபந்தனை: சரியென்றால் 40-க்குத் தாவு. 20-ஆம் வரியில் ஏதோ கணக்கைப் போட்டுவிட்டு இன்னொரு நிபந்தனை: சரியென்றால் 30-க்குத் தாவு. இடைப்பட்ட வரிகளிலும் வேலை நடக்கிறது. இரண்டாவது தாவல் முதலாவதுக்குள் அடங்கிவிடுவதால் படிக்கச் சிரமமில்லை. இப்போது இலக்குகளை மட்டும் மாற்றிவிடுவோம்: 10-இலிருந்து 30-க்கு, 20-இலிருந்து 40-க்கு. தாவல்கள் பின்னிக்கொண்டுவிட்டன.

தாமஸ் மெக்கேப் 1976-இல் தந்த சைக்ளோமேட்டிக் எண் இதைப் பார்த்துச் சலனமே காட்டாது. முடிவெடுக்கும் இடங்களோடு ஒன்றைக் கூட்டினால் அந்த எண் வரும். ஆகவே இரண்டுக்கும் 3. ஹால்ஸ்டெட் அளவு இன்னும் மோசம். ஆபரேட்டர் (கூட்டல் போன்ற செயல்குறிகள்), ஆபரண்ட் (அவை கையாளும் மாறிகள், எண்கள்) எத்தனை என்று எண்ணுவதுதான் அதன் அடிப்படை, ஓட்டம் எந்தப் பக்கம் போகிறது என்பது அதற்குத் தேவையே இல்லை. இந்தப் போட்டியிலிருந்து அதை விலக்கிவிடலாம்.

அடுத்தது முடிச்சு எண்ணிக்கை. உட்வர்ட், ஹென்னல், ஹெட்லி மூவரும் 1979-இல் முன்வைத்தது. நிரலின் ஓரத்தில் ஒவ்வொரு தாவலுக்கும் ஓர் அம்பு வரைய வேண்டும். அம்புகள் வெட்டிக்கொள்ளும் இடமெல்லாம் முடிச்சு. நம் முதல் வடிவத்துக்கு 0, இரண்டாவதுக்கு 1. அட, பிடித்துவிட்டதே! ஆனால் எல்ஸ் இல்லாத பழைய ஃபோர்ட்ரான் மொழியில் ஒழுங்கான இஃப்-எல்ஸை (சரியென்றால் இது, இல்லையென்றால் அது) கோ-டு, அதாவது 'இந்த வரிக்குத் தாவு' என்ற கட்டளை வைத்து எழுதிப் பாருங்கள். எல்ஸ் பகுதிக்குப் போகும் அம்பும், அதைத் தாண்டி முடிவுக்குப் போகும் அம்பும் வெட்டிக்கொள்ளும். குற்றம் செய்யாத நிரலுக்கும் ஒரு முடிச்சு. போதாக்குறைக்கு, வரிகளை இடம் மாற்றி அடுக்கினாலே எண்ணிக்கை மாறிவிடும். கண்ணுக்கு எவ்வளவு குழப்பம் என்று சொல்ல இது போதும், அமைப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்லப் போதாது.

என் ஓட்டு எசென்ஷியல் காம்ப்ளெக்சிட்டிக்கு. மெக்கேப்பின் அதே 1976 கட்டுரையில் உள்ளதுதான். நிரலின் ஓட்டத்தை வரைபடமாக்கி, அதில் ஒரே நுழைவு, ஒரே வெளியேற்றம் கொண்ட துண்டுகளை ஒவ்வொன்றாகச் சுருக்கிப் புள்ளியாக்கிவிட்டு, மிஞ்சும் வரைபடத்துக்குச் சைக்ளோமேட்டிக் எண்ணைப் பார்க்க வேண்டும். முழுக்கக் கட்டமைந்த நிரல் எவ்வளவு பெரிதானாலும் 1-க்கு வந்துவிடும். நம் முதல் வடிவம் 1, பின்னிய வடிவம் 3. கோ-டு வைத்து எழுதிய இஃப்-எல்ஸுக்கும் 1 தான். எந்தச் சொல்லால் எழுதினோம் என்பதை அது பார்ப்பதில்லை.

கறார் கொஞ்சம் அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வைல் சுழற்சியின் நடுவே ஒரு நிபந்தனையோடு பிரேக் (சுழற்சியை விட்டு வெளியேறும் கட்டளை) போட்டால் 1-லிருந்து 3-க்கு எகிறிவிடும். அந்த பிரேக்கைத் தவிர்க்க 'வெளியேறலாமா' என்று குறித்துவைக்கும் ஒரு கொடி மாறியைச் சுமந்து திரிவதுதான் எனக்கு அதைவிடக் குழப்பம். சோனார்சோர்ஸ் நிறுவனத்தின் காக்னிட்டிவ் காம்ப்ளெக்சிட்டி என்ற அளவுகோல் இங்கே நிதானமானது: சாதாரண பிரேக்கைச் சும்மா விடும், லேபிளோடு (பெயரிட்ட ஓர் இடத்தைக் குறிப்பிட்டு) தாவினால்தான் ஒன்று கூட்டும்.

பழைய நிரலைப் பிரிக்க உட்காரும்போது இரண்டு எண்களையும் சேர்த்தே பார்க்கிறேன். சைக்ளோமேட்டிக் 20, எசென்ஷியல் 1 என்றால் துண்டு துண்டாகத் தனி ஃபங்ஷன்களாக எடுத்துவிடலாம். 20, 18 என்றால் எங்கே வெட்டினாலும் ஏதோ ஒரு தாவல் அறுபடும். அதற்கு முதலில் டெஸ்ட் எழுதத் தொடங்க வேண்டியதுதான்.