கும்பகோணத்தில் ஒரு சஸ்பென்ஷன் பட்டறை

பாபநாசம் வழியாகத் தஞ்சாவூர் செல்லும் சாலையிலும் கொள்ளிடக் கரையிலும் என் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 பைக் ஒவ்வொரு பள்ளத்திலும் முதுகைப் பதம் பார்த்ததால், கும்பகோணத்தில் சஸ்பென்ஷன், அதாவது சாலை அதிர்வைத் தாங்கும் அமைப்பின், வேலையை மட்டும் செய்யும் ஒரு சிறு பட்டறையில் வண்டியை விட்டேன். மெக்கானிக் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் குழாயில் ஒரு பிளாஸ்டிக் ஜிப் டையைக் கட்டி, ஹெல்மெட்டோடு என்னை ஏறி உட்காரச் சொல்லி, அது நகர்ந்த தூரத்தை அளந்தார். மொத்த அசைவான 110 மி.மீ.யில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாத ஃபோர்க், 45 மி.மீ. அமுங்கியிருந்தது. எடையைத் தாங்குவது ஸ்பிரிங்கின் வேலை, அது துள்ளும் வேகத்தை அடக்குவதே ஃபோர்க்குக்குள் இருக்கும் எண்ணெயின் வேலை என்று விளக்கி, கெட்டியான எண்ணெயை ஊற்றினால் போதும் என்ற என் யோசனையை அவர் மறுத்தார், மறுத்தது நியாயமே. வடித்த பழைய எண்ணெய் நம்மூர் டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது.

என் எடைக்கேற்ற ஸ்பிரிங்குகளைப் பொருத்தி, பின்பக்க ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் ப்ரீலோடையும் ஒரு படி கூட்டித் தந்தார். இப்போது பாலத்து இணைப்புகளில் வண்டி ஒருமுறை அமுங்கி, ஆடாமல் நிமிர்கிறது. பின்சக்கரத்துக்கு 88 மி.மீ. அசைவே உள்ளதால் வேகத்தடைகளில் அடி இன்னும் சற்றுத் தெரிகிறது. அது பட்டறையின் குற்றமன்று. இரண்டு நாள் என்று சொல்லி ஐந்து நாள் இழுத்ததும், செய்த அமைப்புகளைக் கேட்டும் எழுதித் தராததும் அவர்களுடையவை.