லேசர் தூசி அளவி: நாலு மாதம் பாவித்த பிறகு

காலபோக அறுவடை முடிந்து வைக்கோல் கொளுத்தத் தொடங்கினால் எங்கள் வளவில் மூச்செடுக்க ஏலாது, அம்மாவுக்கு ஆஸ்துமா. அதனால்தான் மாசியில் கிளிநொச்சி டவுனில் ஒரு கடையில் இந்தக் கையடக்க லேசர் தூசி அளவியை வாங்கினேன்.

உள்ளே சின்ன விசிறி ஒன்று காற்றை இழுக்கும். தூசியில் பட்டுச் சிதறும் லேசர் ஒளியை வைத்து, 2.5 மைக்ரோனுக்குட்பட்ட (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நுண்தூசி ஒரு கனமீற்றர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் என்று திரையில் எண் வரும். சாதாரண நாளில் 20, 25. பக்கத்து வயலில் நெருப்பு வைத்து, காற்று எங்கள் பக்கம் திரும்பிய அன்று முற்றத்தில் 412! உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன 24 மணிநேரச் சராசரி எல்லையே 15தான். அம்மாவை உள்ளறைக்குக் கூட்டிப்போய், யன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணி வைத்தோம். உள்ளே 90க்கு மேல் ஏறவில்லை. இதற்கே கொடுத்த காசு தகும்.

ஆனால் பனிக்காலை என்றால் நம்பாதீர்கள். புகையே இல்லாத விடியலில் 190 காட்டியது, நீர்த்துளியையும் தூசியாகவே எண்ணுகிறது. கடையில் இதைச் சொல்லவே இல்லை, பழுது என்று திருப்பிக் கொடுக்க வெளிக்கிட்டேன். நெல்லு மில்லுக்குக் கொண்டுபோனால் காற்றுத் துவாரத்தில் உமித்தூசி அடைக்கும், தூரிகையால் தட்டவேண்டும். பற்றரி 5 மணிநேரம்.

இந்தியாவின் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்தில் பி.எஸ்.எல்.வி. ரொக்கெட் கிளம்புவதைப் போனில் பார்த்த மகள், "அப்பா, அந்தப் புகையை இதால அளக்கலாமோ?" என்று கேட்டாள். ஏலாது. முதல் கட்டத்தில் மட்டும் கிட்டத்தட்ட 139 தொன் திண்ம எரிபொருள் எரிகிறது. அந்த வெள்ளைப் புகையில் அலுமினியம் ஒட்சைட்டுத் தூசியும் ஐதரசன் குளோரைட்டு என்ற அமில வாயுவும் இருக்கும். இந்த மெசினுக்கு வாயு தெரியாது, தூசியும் தன் வாசலுக்கு வந்தால்தான் தெரியும். அதற்கு லைடார் வேண்டும். லேசர் துடிப்பை வானத்துக்கு விட்டு, புகையில் பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்தைப் பார்ப்பார்கள், ஒரு மைக்ரோசெக்கனுக்கு 150 மீற்றர் தூரம் என்று கணக்கு. அமிலப் புகைக்குள் ஒருவரும் போகாமலே அது எந்த உயரத்தில், எவ்வளவு அகலத்துக்குப் பரவுகிறது என்று தெரிந்துவிடும். வாயுவை அளக்க இரண்டு அலைநீளங்களில் லேசரை விடுவார்கள், ஒன்றை வாயு உறிஞ்சும், மற்றதை விட்டுவிடும், வித்தியாசம்தான் அளவு. அந்த வாயுவில் உள்ள குளோரின் ஓசோனைத் தின்னும் என்பதால் 1990களில் அமெரிக்காவில் டைட்டன் 4 ரொக்கெட்டின் புகை ஓசோன் இருக்கும் படைமண்டலத்தில் கலைவதை லைடாரால் பார்த்தார்கள்.

எங்களுக்கும் அந்த வசதிதான் உண்மையில் தேவை: நாலு வயல் தள்ளி எழும்பும் புகையை, அது வீட்டுக்கு வர முன்னமே காட்டுகிற ஒன்று. இது வந்த பிறகுதான் சொல்லும். சரி, வீட்டில் இழுப்புக்காரர் இருந்தால் வாங்குங்கள். அம்மா இப்போது பின்னேரம் முற்றத்தில் கதிரை போட முன் "எத்தினை காட்டுது?" என்று கேட்டுவிட்டுத்தான் வெளியே வருகிறார்.