சென்சார் டேபிளில் ரிப்பேரை நிறுத்தினோம்: கசாண்ட்ராவோடு நான்கு ஆண்டுகள்

எங்கள் அலுவலகம் ஆயர் ராஜா பக்கம். பார்ப்பது கடைத்தொகுதிகளின் ஏர்கான் கணக்கு. மொட்டைமாடிக் கூலிங் டவர், அடித்தளத்துச் சில்லர், பம்ப் என்று எல்லாவற்றிலும் சென்சார் உண்டு. பத்து வினாடிக்கு ஒருமுறை அளவு வந்து விழும். சிங்கப்பூர் வெயிலுக்குச் சீசன் கிடையாது, எங்கள் டேபிளுக்கும் ஓய்வு கிடையாது.

2021-ல் கசாண்ட்ரா 3.11 போட்டு ஆரம்பித்தோம். தரவைப் பல சர்வர்களில் பிரித்து வைக்கும் தரவுத்தளம் அது. ஆறு நோடு (சர்வர்), ஒவ்வொரு வரிக்கும் மூன்று பிரதி. டிஸ்க்கில் சேரும் கோப்புகளை ஒன்றாக்கும் வேலைக்குக் காம்பாக்ஷன் என்று பெயர். சென்சார் டேபிளுக்கு அதைக் கால விண்டோ வாரியாகச் செய்யும் டிடபிள்யூசிஎஸ் முறை, விண்டோ மூன்று நாள், டிடிஎல் (வரியின் ஆயுள்) 90 நாள். 90 நாள் தாண்டிய கோப்பை வரி வரியாகக் கிளறாமல் அப்படியே தூக்கிப் போட்டுவிடும். இந்த ஒரு வசதிக்காகத்தான் டிடபிள்யூசிஎஸ்ஸே.

பிரதிகளை ஒப்பிட்டுச் சரிசெய்யும் வேலைதான் ரிப்பேர். அதை ஓட்டாத கிளஸ்டர் (நோடுகளின் கூட்டம்) கெட்டுப்போகும் என்று எல்லோரும் சொல்வார்களே, நாங்களும் ரீப்பர் என்ற கருவியை வைத்து வாரம் ஒருமுறை எல்லா டேபிளுக்கும் ஓட்டினோம். சனி இரவு ஆரம்பித்தால் செவ்வாய்க்கிழமையும் முடிந்திருக்காது. ஒவ்வொரு பிரதியும் தன் தரவின் சுருக்கக் குறிகளை அடுக்கி ஒரு மெர்க்கல் மரம் கட்டும், மரங்களை ஒப்பிட்டு வேறுபடும் இடத்தை மட்டும் அனுப்பிக்கொள்ளும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மூன்று பிரதியும் ஒரே நொடியில் மரம் கட்டுவதில்லை. எங்களுக்கோ நொடிக்கு நொடி எழுத்து. அதனால் சின்னச் சின்ன வேறுபாடு எப்போதும் இருக்கும். மரத்தின் ஓர் இலைக்குக் கீழே ஏகப்பட்ட பார்ட்டிஷன் (ஒரே சாவியின் கீழ் சேர்ந்த வரிகள்). ஒரு வரி குறைந்தாலும் இலை முழுக்கப் பயணம் கிளம்பும். வந்து சேர்ந்த துண்டுகள் பழைய விண்டோக்களில் உட்காரும். ஏற்கெனவே ஒரே கோப்பாக முடிந்துபோன விண்டோவில் இப்போது இரண்டு, மூன்று. உடனே காம்பாக்ஷன் மறுபடி தொடங்கும். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே காத்திருக்கும் காம்பாக்ஷன்களின் எண்ணிக்கை ஏறுவதைக் கைப்பேசியில் பார்த்த நாள்கள் உண்டு.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். டிஸ்க் நிறைந்ததுதான் பெரிய தலைவலி. 90 நாள் டிடிஎல் இருந்தும் 130 நாள் பழைய கோப்புகள் கிடந்தன. காலாவதியானதையும் அழித்ததையும் துடைக்கும் முன் கசாண்ட்ரா காத்திருக்கும் காலம் ஜிசி கிரேஸ், இயல்பாகப் பத்து நாள். அதைக் கூட்டினாலும் நூறுதான் வரும். ஜொகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டி வேலைக்கு வரும் அண்ணன் ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார். “தம்பி, எக்ஸ்பயர்ட் பிளாக்கர்ஸ் டூல் ஓட்டிப் பார்த்தியா?” என்றார். காலாவதியான கோப்புகளை எது தடுக்கிறது என்று காட்டும் கருவி அது. ஓட்டினோம். சில எம்பிகூட இல்லாத ஒரு கோப்பு, பெரிய பெரிய கோப்புகளை நகரவிடாமல் பிடித்துவைத்திருந்தது. எம்ஆர்டி மின்படியில் வலப்பக்கம் ஒருவர் நின்றுவிட்டால் பின்னால் வரிசையே தேங்குமே, அதே கதை.

அந்தக் கோப்பு எப்படி வந்தது? ரீட் ரிப்பேர். 3.11-ல் படிக்கும்போதே பத்தில் ஒரு பங்கு வாய்ப்பில் பின்னணியில் பிரதிகளைச் சரிபார்க்கும் அமைப்பு இயல்பாகவே இருந்தது, நாங்கள் அணைக்கவில்லை. யாரோ இரண்டு மாதப் பழைய கிராஃபைத் திறப்பார்கள், விடுபட்ட வரி பழைய டைம்ஸ்டாம்போடு மெம்டேபிளில் (டிஸ்க்குக்குப் போகும் முன் எழுத்து சேரும் நினைவகத்தில்) வந்து விழும், இன்றைய வரிகளோடு சேர்ந்து ஒரே கோப்பாக டிஸ்க்குக்குப் போகும். இன்றைய வரி சாக இன்னும் 90 நாள். அதுவரை, உள்ளே இருக்கும் பழைய வரியைவிடப் புதிய தரவு உள்ள கோப்புகளைக் காலாவதியானாலும் தூக்க மாட்டார் கசாண்ட்ரா. தரவைப் பொறுத்தவரை அவர் எச்சரிக்கையான ஆள். தப்பு எங்களுடையது.

ஆக, அந்த அமைப்பைப் பூஜ்யமாக்கினோம். 4.0-க்கு மாறிய பிறகு சென்சார் டேபிளில் ரீட் ரிப்பேரையே ‘நன்’ (NONE, வேண்டாம்) என்று வைத்துவிட்டோம். அடுத்தடுத்துப் படித்தால் ஒரு புள்ளி தெரிந்து மறையலாம். கிராஃபுக்கு அது பொருட்டில்லை, பணக் கணக்குக்கு இதைச் செய்யாதீர்கள். ஜிசி கிரேஸை ஒரு நாளாகக் குறைத்தோம். பூஜ்யம் வரை போக ஆசைதான், ஆனால் விழுந்த நோடுக்காக மற்ற நோடு எடுத்துவைக்கும் எழுத்தான ஹிண்ட்டும் அதோடு போய்விடும். அப்புறம் ரீப்பரில் டிடபிள்யூசிஎஸ் டேபிள்களை விட்டுவிடும் தேர்வு ஒன்று இருக்கிறது, அதை இயக்கினோம். அந்த டேபிளில் நாங்கள் எதையும் அழிப்பதில்லை. காலாவதி நேரம் வரியோடே எழுதப்படுகிறது. அழித்தது உயிர்த்தெழும் பயம் இல்லை என்றால் வாராந்திர ரிப்பேரும் வேண்டாம்.

முன்பே சரிபார்த்ததை விட்டுப் புதியதை மட்டும் பார்க்கும் இன்கிரிமென்டல் ரிப்பேரையும் ஒரு மாதம் பார்த்தோம். ரிப்பேர் ஆனது, ஆகாதது என்று ஒவ்வொரு விண்டோவிலும் இரண்டு குவியல், இரண்டும் சேராது. விட்டுவிட்டோம்.

இதைப் படித்துவிட்டு எல்லா டேபிளிலும் நிறுத்திவிடாதீர்கள். கருவிப் பட்டியல் டேபிளில் நாங்கள் அழிப்பது உண்டு. ஒருமுறை அதற்கான ரிப்பேர் வாரக்கணக்கில் தோற்றுக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கழற்றி லாரியில் ஏற்றி அனுப்பிய சில்லர் ஒன்று திரையில் திரும்ப வந்து, ‘தொடர்பு இல்லை’ என்று அலாரமும் அடித்தது. அழித்த நேரத்தில் ஒரு நோடு படுத்திருந்தது. பத்து நாள் கழித்து மற்ற இரண்டும் டூம்ஸ்டோனை, அதாவது ‘அழித்தாயிற்று’ என்ற குறியைத் துடைத்துவிட, அந்த ஒன்றிடம் மிச்சமிருந்த பழைய வரி மறுபடி பரவிவிட்டது. அதனால் அந்த டேபிளுக்கு இன்றும் வாரம் ஒருமுறை முழு ரிப்பேர் ஓடுகிறது. சின்ன டேபிள், சில நிமிடத்தில் முடியும். தோற்றால் செய்தி வரும்படியும் செய்துவிட்டோம்.

சென்சார் டேபிளில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஹிண்ட் மூன்று மணி நேரம்தான் சேரும். சீனப் புத்தாண்டு விடுமுறையில் ஒரு நோடு இரவு முழுக்க விழுந்து கிடந்தது. குவோரத்தில் (மூன்றில் இரண்டு பிரதி) எழுதிக் குவோரத்தில் படிப்பதால் கிராஃபில் எதுவும் தெரியவில்லை. ஆனால் அந்தப் பிரதியில் ஓட்டை. இப்படி நடந்தால் மட்டும் அந்த நோடுக்கு ஒருமுறை முழு ரிப்பேர், டோக்கன் வரம்பை (தரவைப் பிரிக்கும் எண் வரிசையை) சிறு துண்டுகளாக வெட்டி, நள்ளிரவுக்கு மேல். விழுந்தது ஒரே இரவு, ‘அந்த இரவை மட்டும் பார்’ என்று சொல்ல வழியில்லை. 90 நாளையும் புரட்டித்தான் ஒப்பிடும். நான்கு ஆண்டுகளாக எனக்கு உறுத்துவது இது ஒன்றுதான்.